கீரை வெந்த தண்ணீர்

தம்பிக்கு உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, சீனி ஆகாது என்று மருத்துவர் சொன்ன அன்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதற்கு முன்பு பல மாதங்களாக அவனுக்குக் கால் வீங்கியது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருந்தது. என்னவென்று தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன். எங்கள் மாசாய் ஊரின் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நெடுநாள் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டதாம். பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறதாம். இப்படியே போனால் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் போட வேண்டிவரும் என்றார்கள். பிறகு சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார்கள். சாப்பாடு என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. அது என் கையில் இருக்கிற காரியம் என்று நினைத்தேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு ஆகி, நிலைக்கவில்லை. அப்பா விட்டுப்போன தாமான் குடியிருப்பு வீட்டில் அக்காவும் தம்பியுமாக இருந்து, இருவருக்குமே தலை நரைத்துவிட்டது. நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைப் பெட்டியில் அடுக்குகிறேன். அவன் தினமும் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு கிடங்குக்கு வேலைக்குப் போவான். மெஷினில் போட்டால் வாரத்தில் பாதி நாள் அதிலேயே கிடக்க வேண்டும். அந்த வேலை போய்விடும். வேலை போனால் அவன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு நாள் சும்மா உட்காரத் தெரியாதவன் அவன்.

அதுவரை எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் சமையல். மற்ற நாள்களில் அவன் வரும்போது மோட்டார் சைக்கிளின் கொக்கியில் பிளாஸ்டிக் பைகள் ஆடிக்கொண்டு வரும். ஒரு நாள் மாமாக் கடையில் வறுத்த மீ கோரேங் நூடுல்ஸ், ஒரு நாள் வாழையிலைச் சோறு, ஒரு நாள் ரொட்டி சானாய், கயிறு கட்டிய பையில் தே தாரேக் தேநீர். தப்பாவ் பொட்டலம் வாங்காமல் அவன் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. அதிகம் பேச மாட்டான். நானும் அப்படித்தான். பையை மேசைமேல் வைத்து, "அக்கா, சூடா இருக்கு" என்பான். எங்கள் வீட்டில் அன்பு அவ்வளவுதான், அதற்கு மேல் தேவையும் படவில்லை.

கிளினிக்கிலிருந்து வந்த அந்த வாரமே பொட்டலங்களை நிறுத்தினேன். வெளிக்கதவுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இரண்டு முழ அகலத்துக்கு மண் இருக்கிறது. அதில் முருங்கைக் குச்சி நட்டேன். அவனே கிடங்கிலிருந்து காலிச் சாய வாளிகளைக் கொண்டுவந்து அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தான். பசலை, தண்டுக்கீரை, தக்காளி, வெண்டை எல்லாம் வைத்தேன். ஜொகூர் மழைக்கும் வெயிலுக்கும் எல்லாம் மளமளவென்று வந்தன. தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் உடை மாற்றாமலேயே வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். வாழ்நாளில் முதல்முறையாக எனக்கு ஏதோ கைவந்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் கீரை வெந்த தண்ணீரைக் கீழே கொட்டும் வழக்கம் இல்லை. சத்தெல்லாம் அதில்தான் இறங்குகிறது என்பார்கள். நம்மவர்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். கீரையை மசித்து அவனுக்குச் சோற்றோடு கொடுப்பேன். வடித்த தண்ணீரில் பூண்டும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, உப்பில்லாமல், பெரிய கோப்பையில் ஊற்றிக் கொடுப்பேன். விடியற்காலையில் தே தாரேக்குக்குப் பதிலாக அதைக் குடித்துத்தான் அவன் பசியாறினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான். "மாட்டுக்குக் காட்டுற கழனித்தண்ணி மாதிரி இருக்கு லா" என்று ஒருமுறை சொன்னான். ஆனாலும் கோப்பையைக் காலியாக வைத்துவிட்டுத்தான் போவான்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. எடை குறைந்தது, இனிப்பு நீர் இறங்கியது. கிளினிக்கில் தாதி மிஸ்ஸி என்னைப் பார்த்து, வீட்டில் நன்றாகக் கவனிக்கிறீர்கள் என்று மலாயில் பாராட்டினாள். கேட்க ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டாள். எனக்குப் பின்னால் வரிசையில் ஆள்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பள்ளியில் படித்தது மூன்றாம் படிவம் வரைதான். நாலு பேர் கேட்க ஒரு கேள்வி கேட்பதென்றால் எனக்கு வாயே வராது. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிறகு அவனுக்குக் கால் தளர ஆரம்பித்தது. வாசற்படி ஏறினால் தொடை நடுங்குகிறது என்றான். சத்துக் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு என்ன தோன்றும்? முருங்கைக் கீரையைக் கூடுதலாகப் போட்டேன். காலையில் ஒரு கோப்பை கொடுத்த தண்ணீரை மாலையிலும் கொடுத்தேன். விடுமுறை நாளில் இளநீர் வாங்கி வந்தேன், உடம்புச் சூடு தணியட்டும் என்று. அவன் தளரத் தளர நான் ஊற்றினேன்.

வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்த்தபோது கிளினிக்கிலிருந்து பல அழைப்புகள் வந்து ஓய்ந்திருந்தன. திருப்பி அழைத்தேன். முந்தின நாள் அவன் கிளினிக்கில் கொடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் ஏறியிருக்கிறது, இப்படி ஏறினால் இதயம் திடீரென்று நின்றுவிடலாம், அவன் கைப்பேசியை எடுக்கவில்லை, உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

பத்துமுறை அழைத்த பிறகுதான் எடுத்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஷிஃப்ட் முடியவில்லை, முடிந்ததும் வருகிறேன் என்றான். நான் அவனிடம் சத்தம் போட்டதே இல்லை. அன்று கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கூட வேலை செய்கிற பெண்தான் காரை வரவழைத்து என்னை ஏற்றிவிட்டாள்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் நின்றேன். பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் எப்படி நெருக்கியடித்து ஊர்ந்து வரும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த நெருக்கத்தில், வெயிலில், எந்த நிமிடமும் நிற்கக்கூடிய இதயத்தை வைத்துக்கொண்டு அவன் வருகிறான். உள்ளே நுழைகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளின் தலைக்கவசத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து நிறுத்தியபோது என்னால் நிற்க முடியவில்லை. அவன்தான் என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். உள்ளே இருந்தவர்கள் யார் நோயாளி என்று கேட்டார்கள்.

ஊசி போட்டு, மருந்து ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் சாப்பாடு பற்றிச் சொல்ல ஒரு இளம்பெண் வந்தாள். நம் பெண்தான். வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். நான் பெருமையாக, ஆமாம், அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன். கீரை, முருங்கை, தக்காளி ரசம், இளநீர், கீரை வெந்த தண்ணீர். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"அந்தத் தண்ணியக் கொட்டாம குடுத்தீங்களா ஆண்ட்டி?"

"சத்து போயிடுமேன்னு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக விளக்கினாள். நல்ல சிறுநீரகம் கூடுதல் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். இவனுடையது தள்ளாது, உள்ளேயே சேரும். கீரையிலிருந்து அது தண்ணீரில்தான் இறங்குகிறது. அதனால் சின்னதாக நறுக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். முருங்கை வேண்டாம். தக்காளி வேண்டாம். இளநீர் கூடவே கூடாது. நான் கொட்ட வேண்டியதை வடித்து, மிளகு தட்டிப்போட்டு, கோப்பையில் ஊற்றி அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

கட்டிலில் படுத்திருந்த தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் போனதும் என் முகத்தைப் பார்த்தான்.

"மாமாக் கடைக்காரன் இத்தன வருஷமா முயற்சி பண்ணியும் முடியல. நீ ஆறே மாசத்துல முடிச்சிருப்ப, அக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சிரித்தான். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபோது என்ன சமைப்பதென்று தெரியவில்லை. கடைச் சாப்பாடு உப்பு, எண்ணெய். என் தோட்டம் விஷம். நடுவில் என்ன இருக்கிறது? வெள்ளைச் சோறு, சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய், கொஞ்சம் கோழி. அதுவும் அளவோடு. காய் எதை எடுத்தாலும் இருமுறை யோசித்துத் திரும்ப வைத்தேன். கொதிக்கிற தண்ணீரில் கீரையைப் போட்டு, பச்சையெல்லாம் இறங்கும்வரை வேகவைத்து, சாக்கடையில் கொட்டினால், மிஞ்சுவது நனைந்த துணி மாதிரி இருந்தது. அதை அவன் முன்னால் வைப்பேன். பேசாமல் சாப்பிடுவான். முன்பு மாதிரி கிண்டல் செய்தாலாவது நன்றாக இருக்கும். செய்யவில்லை. எனக்கு வலிக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

முருங்கையை அடியோடு வெட்டினேன். இரண்டு வாரத்தில் வெட்டிய இடத்தில் துளிர் வந்தது. மறுபடி வெட்டினேன். மறுபடி வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிற மரத்தை ஏன் கொல்கிறாய் என்று கேட்டாள். வேண்டுமானால் நீங்கள் பறித்துக்கொள்ளுங்கள் என்றேன். பசலையையும் தக்காளியையும் பையில் போட்டு அவள் வெளிக்கதவில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் எங்கள் வெளிக்கதவில் ஒரு டப்பா தொங்கியது. தேங்காய்ப் பால் ஊற்றி, சின்ன இறால் போட்டு, என் கீரையையே சமைத்து அனுப்பியிருந்தாள். கொடுத்தவர்களை வெறும் கையோடு திருப்புவதில்லை அவர்கள். தம்பி வருவதற்குள் அதை நின்றபடியே தின்று, டப்பாவைக் கழுவி ஒளித்துவைத்தேன். சுவை நாக்கில் பட்டதும் எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு பசியில் இருந்திருக்கிறேன். அவன் சாப்பிடுவதைத்தான் நானும் சாப்பிடுவது என்று வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை, நானாக வைத்துக்கொண்டதுதான்.

அதற்குப் பிறகு என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை. தொழிற்சாலை பஸ் எங்களை இறக்கிவிடுகிற கடைவரிசையில் சாயங்காலமானால் அடுப்புகள் பற்றிக்கொள்ளும். சாத்தே இறைச்சி வாட்டுகிற புகை, கோழி பொரிக்கிற வாசனை, முட்டையில் சுற்றிய பர்கர். முன்பெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவள். ஒரு நாள் ஒரு பர்கர் வாங்கி, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு தின்றேன். கடைக்காரன் இங்கேயே உட்காரலாமே என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தான். வெட்கத்தில் நான் காது கேட்காதவள் மாதிரி நடந்தேன். கடையோரக் குழாயில் வாய் கழுவினேன். பல நாள் இப்படி நடந்தது.

ஒரு நாள் நான் சோறு போட்டு வைக்கும்போது அவன் நிமிர்ந்து பார்க்காமல், "இன்னைக்கு பர்கர்ல சாஸ் கொஞ்சம் தூக்கல் போலருக்கு" என்றான். என் கை நின்றுவிட்டது. "நீ சாப்புடு அக்கா. உனக்கு என்ன கேடு வந்துச்சு. ஆனா பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி நிக்காத, அங்க எலி ஓடும்." எப்போது பார்த்தானோ. அன்று என் தட்டுச் சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டினேன்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. சரியான அளவுக்கு வந்துவிட்டது என்றார் மருத்துவர். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். சிறுநீரகம் இன்னும் கீழே போயிருக்கிறது. அது சாப்பாட்டால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. மெஷினுக்குத் தயாராக வேண்டும். அதற்கு முன்பு கையில் ஒரு சின்ன அறுவை செய்து, மெஷினின் ஊசி ஏற இரத்த நரம்பைப் பெரிதாக்கிவைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் ஒரு நாள் மூச்சு முட்டி விழுவார், அப்போது கழுத்தில் குழாய் போட வேண்டிவரும்.

தம்பி மாட்டேன் என்றான். வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னான். கையை வெட்டினால் பெட்டி தூக்க முடியாது, பெட்டி தூக்காதவனுக்குக் கிடங்கில் என்ன வேலை. உண்மைதான். நான் கெஞ்சினேன். ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. அறுவைக்கு மருத்துவமனை குறித்துக் கொடுத்த நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. நான் கீரை ஊறவைப்பதும் வேகவைப்பதும் கொட்டுவதுமாக இருந்தேன். கொட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றியது, இதைச் சரியாகச் செய்து என்ன பயன், இவன் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருக்கிறானே என்று.

அந்த நாளுக்கு முந்தின வாரம் மருத்துவமனைக்கு மருந்து வாங்கப் போனபோது, நாற்காலியில் சாய்ந்தபடி அவன் சொன்னான், "ஒரு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டாத் தேவல." அந்தத் தேங்காய்ப்பால் சோற்றைக் கேட்கிற கோரிக்கை இல்லை அது. தனக்குத்தானே பேசிக்கொண்டது. கேட்டால் நான் மறுத்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

சாப்பாடு பற்றிச் சொன்ன அந்த இளம்பெண் அப்போது முகப்பில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கூடம் நிறைய ஆள்கள். நான் எழுந்து போனேன். என் தம்பி ஒரு நாசி லெமாக் பொட்டலம் சாப்பிடலாமா என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக, தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. முன்வரிசையில் ஒரு சீனப் பாட்டி திரும்பிப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இப்போது அளவு சரியாக இருப்பதால் ஒருமுறைக்குப் பரவாயில்லை, பாதிச் சோறு மட்டும், மிளகாய்ச் சம்பாலும் கடலையும் நெத்திலியும் எடுத்துவிடுங்கள், வெள்ளரிக்காய் வைக்கலாம், முட்டையில் பாதி வைக்கலாம் என்றாள். இவ்வளவுதானா? இதைக் கேட்கத்தானா எனக்கு இத்தனை காலம் பிடித்தது?

வரும் வழியில் வாங்கினேன். வீட்டில் மேசைமேல் வைத்து இலையைப் பிரித்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நெத்திலியை எடுத்தேன். சம்பாலைக் கரண்டியால் வழித்தேன், அது பட்ட சோற்றையும் சேர்த்து. சோற்றைப் பாதியாகப் பிரித்தேன். எடுத்ததையெல்லாம் என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

"நல்லது எல்லாம் உனக்கா?" என்றான்.

ஒரு வாய் எடுத்து வைத்தான். வெகுநேரம் மென்றான். இன்னொரு வாய் எடுத்தான். பிறகு கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உப்புக் கரிக்கிறது என்றான். நான் என் பங்கைச் சுவைத்துப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. என் சமையல் அவன் நாக்கை மாற்றிவிட்டதா, நோய் மாற்றிவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் அவன் எதற்காக ஏங்கினானோ அது அங்கே இருந்தது, அவன் முன்னால், இலையில். அவனால் அதைச் சாப்பிட முடியவில்லை.

"காலையில வெச்ச கீர இருக்கா?"

இருந்தது. ஆறிப்போய், நிறம் வெளுத்து. வெள்ளைச் சோற்றோடு தட்டில் கொண்டுவந்து வைத்தேன். சோற்றில் பிசைந்து சாப்பிட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டு கடலையை மென்றுகொண்டிருந்தேன். பல்லுக்கிடையில் அது உடைகிற சத்தம் எனக்கே நாராசமாகக் கேட்டது.

சாப்பிட்டு முடித்து, தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான், "மெஷின்ல போட்டாலும் இந்தத் தண்ணியக் கொட்டத்தான் வேணுமா?"

"கொட்டத்தான் வேணும்னு சொன்னாங்க."

அவன் இடது கையை மேசைமேல் நீட்டி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை.

"அப்ப சரி, கைய வெட்டட்டும். வேல போனா நானே கொட்டிக்கிறேன். நீ ஃபேக்டரிக்குப் போ."

ஏதாவது சொன்னால் மனம் மாறிவிடுவானோ என்று பயமாக இருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

நாளைக் காலையில் அவன் கையில் அறுவை. மெஷின் எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. அது அவனை எத்தனை காலம் தாங்கும் என்று நான் கேட்கவேண்டும். இந்த முறை கேட்பேன். கிளம்புவதற்கு முன்பு தண்டுக்கீரையை நறுக்கி ஊறவைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் அவனுக்குப் பசிக்கும்.